பகடையும் டேப்லெட்டும்

ராஜகீழ்ப்பாக்கத்தில் மருந்துக்கடை மாடியில் இருந்த பயிற்சி மையத்தில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு பன்னிரண்டு வருடம் தரையில் உட்கார்ந்து எழுந்து மெட்டில்டாவுக்கு முழங்கால் தேய்ந்திருந்தது. மையத்தின் முதலாளி கிரீஷ் தரையில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. பேன்ட் கசங்கிவிடுமே.

அந்தப் பெரிய மனிதர் ஒருநாள் ஐந்து டேப்லெட்டுகளோடு வந்தார். திரையில் பொம்மை முகங்கள் அழும், சிரிக்கும். கேட்ட முகத்தைச் சரியாகத் தொட்டால் நட்சத்திரம் வெடிக்கும்.

"சோஷியல் ஸ்கில்ஸ் எல்லாம் இதுலயே வந்துடும் மிஸ். நீங்க சும்மா பக்கத்துல இருந்தா போதும்."

சும்மா இருப்பதில் கைதேர்ந்தவர் சொல்கிறார், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள் மெட்டில்டா.

எட்டு வயது ஏஞ்சல் இரண்டே மாதத்தில் எல்லாக் கட்டங்களையும் முடித்தாள். பெற்றோர் கூட்டத்தில் அவளை முன்னால் உட்காரவைத்து ஆடிக்காட்டச் சொன்னார் கிரீஷ். நூற்றுக்கு நூறு. அம்மா ஹில்டா கண்ணில் நீர் வழிய, மகளைக் கட்டிக்கொள்ளக் குனிந்தாள். ஏஞ்சல் அந்த அழுத முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் நெற்றியில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தாள். நட்சத்திரம் வரவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினாள்.

"பாத்தீங்களா, அம்மா ஃபீலிங்க கண்டுபுடிச்சிட்டா!" என்று கைதட்டினார் கிரீஷ்.

இந்த ஆளுக்கெல்லாம் ஒரு மையம் கேடா என்று மெட்டில்டாவுக்கு வாய்வரை வந்தது.

மறுநாளே டேப்லெட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பதிலுக்கு ஒரு பரமபத அட்டை, உள்ளங்கை அளவு பகடை ஒன்று. விதியும் ஒன்றுதான்: உருட்டியதும் அடுத்தவர் பெயரைச் சொல்லிப் பகடையை அவர் கையில் கொடுக்க வேண்டும். மூன்று வாரம் ஏஞ்சல் கொடுக்கவில்லை. கத்தினாள், மெட்டில்டாவின் மணிக்கட்டைக் கடித்தாள். எதிரே உட்கார்ந்து ஆடிய இன்னொரு சிறுமி டெபோரா காதைப் பொத்திக்கொண்டாள்.

நான்காம் வாரம் ஒரு புதன்கிழமை, யார் முகத்தையும் பார்க்காமல், பகடையோடு கையை நீட்டி, "டெபோரா" என்றாள் ஏஞ்சல்.

வாசலில் நின்ற கிரீஷ் அவசரமாகப் போனை எடுத்தார். "மிஸ், இன்னொரு வாட்டி பண்ணச் சொல்லுங்க. கண்ணப் பாத்து சொன்னா நல்லாருக்கும்."

"உங்களுக்காகப் பண்ணல சார். இப்ப டெபோரா டர்ன். வெளிச்சத்த மறைக்காதீங்க."

அவர் நகர்ந்தார். மாலையில் பெற்றோர் குழுவில், 'டேப்லெட் பயிற்சியின் வெற்றி' என்று செய்தி போட்டார். மெட்டில்டாவுக்குக் காறித் துப்பத் தோன்றியது. ஹில்டாவுக்குப் போன் போட்டாள்.

"ஏஞ்சல் இன்னைக்கு பேர் சொல்லி பகடைய குடுத்தா. நாளைக்கு நீங்களும் ஆட வாங்க."

"எனக்கும் குடுப்பாளா மிஸ்?"

"உடனே குடுக்கமாட்டா. உக்காந்திருங்க."