சுண்ணாம்பாய்ப் போன பவளப்பாறை

கடலை ஆராய்கிறவர் வேலை, ஆள் செத்தபிறகு நாடி பார்க்கக் கூப்பிடப்படும் வைத்தியரின் வேலைதான். உண்மையைக் கண்டுபிடிக்கச் சம்பளமும் அதை வெளியே சொன்னதற்கு வசவும் வாங்கியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு மீன்வள ஆராய்ச்சி அலுவலகத்தில் இருந்தேன். கரைக்கு எதிரே உள்ள தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் என் பொறுப்பு. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அங்கேதான்.

அடையாளத் தகடு

பவளம் எவ்வளவு வளர்கிறது என்று அளக்க, ஆழமில்லாத ஓர் இடத்தில் பவளக் கிளைக்கு ஒன்றாக எண் பொறித்த தகடுகளைக் கட்டிவைத்திருந்தேன். மழைக்காலத்தில் கடல் கலங்கிக் கிடந்ததால் போகவில்லை. தெளிந்ததும் போனால், என் இடத்தில் வள்ளங்கள் நிற்கின்றன. ஆட்கள் முங்கி, கடப்பாரையால் பாறையைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்கு.

தொண்டை கிழியக் கத்தினேன். அவர்களில் சிலுவை என்பவர் என்னைப் பலமுறை கடலுக்குக் கூட்டிப்போனவர்; படித்த பெண்களெல்லாம் அவருக்கு டீச்சர்தான். ஓர் ஓலைப்பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

"சத்தம் போடாதிய டீச்சர். ஒங்க தகடு ஒண்ணும் தொலையல, அம்புட்டையும் பத்திரமா எடுத்து வச்சிருக்கோம்."

காளவாய் முதலாளி

நேரே காளவாய்க்குப் போனேன். முதலாளி நாற்காலி போட்டு, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். பாறை போனால் மீன் போகும், அலைக்குத் தடுப்பும் போகும், கரையோர வீடுகளுக்குள் கடல் வரும் என்று கொதித்துப் பேசினேன். அவருக்குக் கோபமே வரவில்லை. அதில் எனக்கு இன்னும் ஏறியது. கடைசியில் நிதானமாகக் கேட்டார்:

"எல்லாம் சரிதாம்மா. ஒங்க ஆபீஸுக்குப் புதுசா கட்டடம் கட்டுனாவல்லா, அதுக்குக் கல்லும் சுண்ணாம்பும் எங்கயிருந்து வந்துதுன்னு நெனைக்கிய?"

ஒரு வார்த்தை

அறிக்கை எழுதினேன். 'பாறைகள் அழிக்கப்படுகின்றன' என்ற வரியை மேலதிகாரி 'பாறைகளில் மாற்றம் காணப்படுகிறது' என்று திருத்திக் கொடுத்தார். திருத்தத்தை அடித்துவிட்டு, நான் எழுதியதையே டைப் செய்து சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். தெரிந்ததும் அறைக்குக் கூப்பிட்டார், உட்காரச் சொல்லவில்லை.

"கடல் எங்கேயும் போயிடாதும்மா. நீங்கதான் போவீங்க."

சிலுவையின் மனைவி

அடுத்த காற்றுக்காலத்தில், நான் சொன்னது நடந்தது. சிலுவையின் வீட்டுப் பின்சுவரைக் கடல் கொண்டுபோனது. நான் போனபோது அவர் மனைவி அந்தோனியம்மாள் ஈரப் பாயை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். கல்லெடுத்த பாவம்தான் இது என்று அவரிடமே சொல்லிவிடும் ஆத்திரத்தோடுதான் போயிருந்தேன். நான் ஆரம்பிக்குமுன் அவரே பேசினார். லாஞ்சு என்கிற இயந்திரப் படகுகள் வந்து பொடிமீன் வரைக்கும் அரித்துக்கொண்டு போவதைச் சொன்னார். வள்ளம் வெறுமனே திரும்பிய நாட்களைச் சொன்னார். நான் பாயின் மறுமுனையைப் பிடித்து விரித்தேன். பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் கெடச்சா மீன் புடிப்பாவ, கெடைக்காததுனால கல்லு எடுக்காவ. கல்லும் தீந்தா ஒங்க ஆபீஸு வாசல்ல வந்து நிக்கோம், அன்னைக்கு என்ன சொல்லுதியன்னு பாப்போம்."

கண்காட்சி

மேலதிகாரி சொன்னபடியே நடந்தது. பாறை ஆய்வை நிறுத்தி, என்னை உள்நாட்டு ஊர் ஒன்றில் கண்காட்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். கடல்வளம் காப்போம் என்று ஒரு கூடம். நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பவளக் கிளை. திறந்துவைக்க வந்த பெரிய மனிதரிடம், இது உயிரினம், ஒடித்தால் மறுபடி வளர ஒரு தலைமுறை ஆகும் என்று விளக்கினேன். கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். பிறகு என் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்கு. நம்ம வீட்டு ஷோகேஸுக்கு ஒண்ணு அனுப்பி வைங்க."

கடல்வளப் பாதுகாப்பில் இத்தனை காலம் இருந்து, நான் சேதமில்லாமல் பாதுகாத்தது என் கோபத்தை மட்டும்தான்.