இடது கன்னத்துக்கு எட்டு மார்க்

இடது கன்னத்தில் ஐந்து புள்ளி க்ரீம், நெற்றியில் பாதிதூரம்வரை இரண்டு, தாடையில் ஒன்று. மோதிர விரலால் மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே வந்து மூக்கின் நடுக்கோட்டில் விரலை நிறுத்திவிடுவாள். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. வலது கன்னத்துக்கு வெறும் தண்ணீர்தான். காலை நாலே முக்காலுக்குக் குளியலறைக் கண்ணாடி முன்னால் இது நடந்து முடிய மூன்று நிமிடம் ஆகும். நாலாவது நிமிடம் கணவர் கதவைத் தட்டுவார்.

"மிச்சப் பாதிக்கும் பூசிட்டு வந்தா என்ன, சொத்தா கரைஞ்சிடும்?"

"சோதனை நடக்குது. சும்மா இருங்க."

பணிமனையில் அவளுக்குப் பெயர் பதினேழு அக்கா. பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள், அதில் பதினொரு வருடம் பதினேழாம் எண் தடம். வயது நாற்பத்தாறு. உயரம் போதாது என்பதால் ஒரு பழைய தலையணையை இரண்டாக மடித்து இருக்கையில் போட்டுக்கொள்வாள். அவள் கையில் வண்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. படியில் கால் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களிடம் திரும்பிப் பார்க்காமலே சொல்வாள்: "ஏறுறவங்க ஏறுங்க. யோசிக்கிறவங்க யோசிச்சு முடிச்சிட்டு அடுத்த வண்டியில வாங்க." அதற்குப் பிறகு கதவு இரண்டு நொடி திறந்திருக்கும். எல்லாரும் ஏறிவிடுவார்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போன பிறந்தநாளுக்கு அழகுசாதனப் பெட்டிக்கு ஒரு வருடச் சந்தா கட்டிவிட்டாள். மாதாமாதம் முதல் வாரத்தில் செங்கல் அளவு ரோஸ் நிற அட்டைப்பெட்டி ஒன்று வீட்டுக்கு வரும். உள்ளே சுருட்டிய காகிதத் துணுக்குகளுக்கு நடுவே ஐந்து சின்னச் சின்னச் சாமான்கள்: சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சீரம், விரல் நுனி மட்டும் நுழையக்கூடிய க்ரீம் டப்பி, முகத்தில் ஒட்டி உரிக்கிற ஏதோ ஒரு தாள். "உனக்குன்னு ஏதாவது செஞ்சுக்கோம்மா, பஸ்ஸைத் தவிர" என்றாள் மகள் போனில். "என்னடி இது, பொம்மை வீட்டுக்குச் சாமான் அனுப்புறாங்களா?" என்றாள் இவள். முதல் பெட்டியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடத்தான் நினைத்தாள். டப்பியின் மேல் எழுதியிருந்த ஒரு வரி அவளை உசுப்பிவிட்டது. பதினைந்தே நாளில் வித்தியாசத்தை உணர்வீர்கள். யாருக்குக் காது குத்துகிறார்கள் என்று பார்த்துவிடுவோம் என்று அப்போதே முடிவு செய்தாள்.

பணிமனையில் புதுக் கம்பெனி டயர் வந்தால் எடுத்த எடுப்பில் எல்லா வண்டிக்கும் மாட்டிவிட மாட்டார்கள். ஒரே வண்டியில் ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் வழக்கமானது. நன்றாக ஓடவிட்டு இரண்டின் தேய்மானத்தையும் அளந்து பார்த்த பிறகுதான் ஆர்டர். பத்தொன்பது வருடமாக அதைப் பார்த்துப் பழகிய கண், முகத்தையும் அப்படித்தான் பார்த்தது. க்ரீம் இடது கன்னத்துக்கு மட்டும். கூந்தலுக்கு ஏதாவது வந்தால் நடுவகிடு எடுத்து இடது பக்கம் மட்டும். பாத வெடிப்புக்கு வந்த களிம்பு, கிளட்ச் மிதிக்கிற காலுக்கு மட்டும். "க்ரீம் விக்கிறவன் நல்லாத்தான் சொல்வான். டயர் விக்கிறவன் மட்டும் வெடிக்கும்னா சொல்றான்? ஓட்டிப் பார்க்கணும்" என்பாள்.

பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் மதிப்பெண் போடுவாள். அதற்கு வீட்டுக் கண்ணாடி ஆகாது, அது ஆளைப் பார்த்து வெளிச்சம் காட்டும் என்பது அவள் கட்சி. பணிமனை ஓய்வறையில் கைகழுவும் இடத்தில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே இருக்கும் ஓரம் உடைந்த கண்ணாடிதான் நம்பகமானது. மென்மை, பளபளப்பு, கரும்புள்ளி என்று தனித்தனியாகப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். இடது எட்டு, வலது ஐந்து. இடது ஏழு, வலது நாலு. பக்கம் பக்கமாக இப்படி.

பெட்டிக்குள் ஒரு அட்டையும் வரும். 'இந்த மாதம் உங்களுக்காக நீங்கள் செய்யப்போகும் மூன்று விஷயங்கள்' என்று போட்டு, கீழே மூன்று வெற்றுக் கோடுகள். மற்றவர்கள் இதைக் குப்பையில் போடுவார்கள். அவள் உட்கார்ந்து யோசித்து எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவாள். ஒருமுறை தினம் மூன்று லிட்டர் தண்ணீர் என்று எழுதினாள். பேருந்து ஓட்டுகிறவள் எழுதக்கூடிய காரியமா அது? கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை பூட்டியிருக்கும். இரண்டாம் நாளே மூன்றை ஒன்றரையாகத் திருத்தினாள். இன்னொரு மாதம், ஹாரன் ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் இல்லை. அதில் பதினெட்டு காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். மிச்ச நாளெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். நாத்தனாரிடம் வாய் கொடுப்பதில்லை என்று எழுதிய மாதம், நாத்தனார் வந்து கதவில் அதைப் படித்துவிட்டார். அந்த மாதம் மூன்றும் தோல்வி.

இதையெல்லாம் ஊர் சிரிப்பாகப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. ஓய்வறையில் நாலு பெண்கள் கூடினால், "அக்கா, இந்த மாசம் எது தேறுச்சு?" என்றுதான் பேச்சு தொடங்கும். தேறியதைச் சொல்வாள், வாங்குவார்கள். கம்பெனி விளம்பரம் சொன்னால் நம்பாதவர்கள் பதினேழு அக்கா எட்டு மார்க் என்றால் நம்பினார்கள். டயர்ப் பிரிவுக்காரரின் மனைவிவரை அந்தப் புகழ் போயிருந்தது. அவளுக்கும் அது பிடித்திருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? வாழ்நாள் முழுக்க வண்டி சரியாக ஓட்டினாள் என்பதற்கு யாரும் வந்து யோசனை கேட்டதில்லை.

அப்படி நம்பியவர்களில் ஒருத்தி, வண்டி கழுவுகிற பெண். எந்நேரமும் குழாயும் கையுமாக நிற்பதால் அவளை எல்லாரும் மழை என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வயதிருக்கும். இரண்டு கன்னத்திலும் மங்கு கருந்திட்டாகப் படர்ந்திருந்தது. டாக்டர் ஒரு களிம்பு கொடுத்து ஆறு மாதம் விடாமல் போடச் சொல்லியிருந்தார். இரண்டு மாதம் போட்டாள், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் பதினேழு அக்காவின் பெட்டியில் மங்குக்கென்றே ஒரு க்ரீம் வந்தது.

"நெசமாவே கேக்குதாக்கா?"

"முப்பது நாள் பார்த்துட்டுத்தான் சொல்றேன். எட்டு மார்க்."

"அப்ப அந்தக் களிம்பு?"

"அதைத்தான் ரெண்டு மாசம் பார்த்துட்டியே" என்றாள் அக்கா. களிம்பை நிறுத்து என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. மழை அந்த க்ரீமின் பெரிய டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

போன மாதம் காற்றழுத்தம் பார்க்க வண்டியை டயர்ப் பிரிவுக்குக் கொண்டுபோனபோது, எந்த க்ரீம் தேறியது என்று டயர்க்காரர் மனைவிக்காகக் கேட்டார். இவளும் உற்சாகமாகச் சோதனை முறையைச் சொன்னாள். உங்க டயர் கணக்குதான் தம்பி, இடது பக்கம் புதுசு, வலது பக்கம் சும்மா. அவர் குனிந்து வால்வு மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"பக்கம் மாத்திப் போட்டீங்களாக்கா?"

"என்ன மாத்தி?"

"ரோடு ஒரு பக்கமா சாஞ்சிருக்கும்ல. ரெண்டு பக்கமும் ஒரே டயரைப் போட்டாலும் ஒண்ணு கூடத் தேயும். அதான் பாதியில பக்கம் மாத்திடுவோம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். நன்றாகவே தெரியும். டயர் விஷயத்தில் தெரியும்.

"மூஞ்சிக்கு என்ன ரோடா சாஞ்சிருக்கு?" என்றாள். அவர் அவளுடைய வலது கையைக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெள்ளைத் துணியுறை. ஓட்டுநர் ஜன்னல் வலது பக்கம், நாளெல்லாம் வெயில் அந்தப் பக்கம்தான் விழும். கை கறுத்துவிடக் கூடாது என்று பத்தொன்பது வருடமாக அந்த ஒரு கைக்கு மட்டும் உறை மாட்டி வந்தவள், அதே ஜன்னலோரம் அந்தக் கைக்கு அரை முழம் மேலே தன் கன்னமும் இருக்கிறது என்பதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஓய்வறைக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டினாள். நாலாவது மாதம் பெட்டி எங்கேயோ வழிதவறி வராமலே போனது. அந்த மாதம் அவள் எதையும் பூசவில்லை. ஆனாலும் பழக்கத்தில் மதிப்பெண் போட்டிருந்தாள். இடது எட்டு, வலது ஐந்து. பக்கத்திலேயே தன் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'போன மாத க்ரீமின் பலன் இன்னும் நிற்கிறது.' அந்த வரியை அவள் மூன்று தடவை படித்தாள். காது சூடானது. இந்தப் புத்திக்கு எத்தனை மார்க் போடலாம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

ஓய்வறைப் பெண்களிடம் அன்று மதியமே சொல்லிவிட்டாள். பூசி மெழுகவில்லை. "நான் சொன்னது மொத்தமும் தப்பு. வெயில் படாத கன்னத்துக்கு மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன்." அறையே சிரிப்பில் அதிர்ந்தது. ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "அப்ப அந்தப் பாதிக் கூந்தல்?" என்றாள் இன்னொருத்தி. "அது மட்டும் நிசம்" என்று முறைத்தாள் அக்கா. அவர்களுக்கு ஒன்றும் பெரிய நஷ்டமில்லை, நல்ல முகம் நல்ல முகமாகவே இருந்தது. கேலியைத் தாங்கிக்கொள்ளலாம்.

மழையின் விஷயம் அப்படியில்லை. க்ரீமை நம்பிக் களிம்பை நிறுத்தி ஐந்து மாதம். மங்கு இப்போது மூக்குத்தண்டில் ஏறி இரண்டு கன்னத்தையும் சேர்த்துவிட்டது. அதைவிடக் கொடுமை, மழை தினமும் பதினேழாம் வண்டியைக் கழுவும்போது கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "குறையுதுல்லக்கா?" என்று கேட்பாள். அக்காவும் சில நாள் ஆமாம் என்றிருக்கிறாள்.

அந்த மாத அட்டையில் ஒரே ஒரு வரிதான் எழுதினாள். மழையிடம் சொல்வது. மற்ற இரண்டு கோடும் வெறுமையாகக் கிடந்தன. கணவர் பால் எடுக்கும்போது படித்துவிட்டு, "மழைகிட்ட என்ன சொல்லப்போறே, நில்லுன்னா?" என்றார். அவள் சிரிக்கவில்லை. முதல் நாள் மழைக்கு வேலை அதிகம் என்று விட்டாள். இரண்டாம் நாள் தனக்குத் தலைவலி என்று விட்டாள். மூன்றாம் நாள் வண்டியைக் கழுவுமிடத்தில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். சோப்புத்தண்ணீர் முன்கண்ணாடியில் வழிந்து முடிந்தபோது மழையின் முகம் தெரிந்தது. இறங்கினாள்.

"குழாயை நிறுத்து கொஞ்சம்."

நிறுத்தினாள். அக்கா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஜன்னல், வெயில், பெட்டி வராத மாதம், எல்லாம். கடைசியாக, "குறையலடி. கூடியிருக்கு. எனக்குத் தெரியும், தெரிஞ்சும் ஆமான்னேன்" என்றாள்.

மழை சத்தம் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஈரக் கையால் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "டாக்டர் திட்டுவாங்களேக்கா. நிறுத்தக் கூடாதுன்னு அவ்ளோ சொன்னாங்க" என்றாள், அவ்வளவுதான். குழாயைத் திறந்துகொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். அக்கா சோப்பு நுரையில் நின்றபடியே குரல் கொடுத்தாள். "நாளைக்கு எனக்கு மத்தியான டூட்டி. காலையில டாக்டர்கிட்ட நானும் வரேன்." பின்பக்கத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் மழை வந்தாள், ஆனால் வழியெல்லாம் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். டாக்டரின் அறையில் நோயாளிக்கு ஒரு நாற்காலி, கூட வருபவருக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல். டாக்டரம்மா மழையின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தார், பழைய சீட்டைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"ஆறு மாசம் விடாம போடணும்னு எழுதியிருக்கேனே. நிறுத்திட்டீங்களா?"

மழை தலையாட்டினாள்.

"யார் சொல்லி நிறுத்தினீங்க?"

மழை மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். "யாருமில்ல. நானாத்தான்."

கதவோரத்தில் ஸ்டூல் கிறீச்சிட்டது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் வாத்தியார் கேட்ட கேள்விக்கு எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி, பதினேழு அக்கா எழுந்து நின்று கையைத் தூக்கியிருந்தாள்.