திக்காத வாள் ஆசான்

விடுமுறைக்கு மீனாட்சிபுரம் வந்திருக்கும் அக்கா மகள், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "பின்னாடி வர்றான், சுடுங்க!" என்று வீடு அதிரக் கத்துகிறாள். ஆன்லைனில் எந்த ஊர்க்காரர்களோடு விளையாடுகிறாளோ. "மைக் இல்லாம நீங்கெல்லாம் எப்படிங் மாமா வெளையாண்டீங்க?" என்றாள். வாயெடுத்தேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. கொஞ்சம் பார்த்துவிட்டு மறுபடி சுடப் போய்விட்டாள். உங்களுக்கு எழுதித்தானே சொல்கிறேன், இங்கே திக்காது.

புண்ணாக்கு வாசனை வந்தால் எனக்கு வாள்சண்டை ஞாபகம் வரும். அந்த நாளில் எனக்குப் பால் சொசைட்டியில் கம்ப்யூட்டரில் பாலளவு ஏற்றும் வேலை. காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவே, தீவன மூட்டைகளை ஒட்டியிருந்த அந்தக் கம்ப்யூட்டர் சும்மாதான் கிடக்கும். அப்போது இணையத்தில் தேடிக் கண்டுபிடித்த விளையாட்டு அது. ஜப்பான் கார்ட்டூன்களில் வரும் அனிமே கதை, ஆனால் படமே கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. 'வடக்கே போ' என்று தட்டினால் காடு வரும். 'வெட்டு' என்றால் பேயின் தலை விழும். எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே திரிவார்கள்.

அங்கே பழக்கமானவன் ஜீவா. மறையூர்க்காரன், மூணாறில் ஒரு ரிசார்ட்டில் வேலை. 'நாமளே தமிழ்ல ஒண்ணு நடத்துவோம்லே' என்று எழுதினான். கம்ப்யூட்டர் நிரல் அவனுடையது, இடங்களின் வர்ணனை என்னுடையது. பனிமலை மடம் ஒன்றை எழுதினேன். எனக்குத் தெரிந்த அதிகபட்சக் குளிர் சொசைட்டியின் பால் குளிரூட்டும் தொட்டிதான். மடத்தில் லேசாகப் பால்வாடை அடித்திருக்கும். அங்கே நான் வாள் ஆசான். புதியவர்களுக்குப் பாடம், சண்டை வந்தால் பஞ்சாயத்து, நடுநடுவே கிண்டல். 'ஆசான் வாயத் தொறந்தா மூடமாட்டாரு' என்று அவர்கள் எழுதும்போது மூட்டைமேல் சாய்ந்து சிரிப்பேன்.

எல்லோரும் மூணாறில் சந்திக்கலாம் என்றான் ஜீவா. மறுக்க முடியாமல் நானும் போனேன். டீக்கடையில் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஜீவா மட்டும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணும் நெனைக்காதலே" என்று தோளைத் தட்டி பஸ் ஏற்றிவிட்டான்.

மறுநாள் மடத்துக்குள் போய் 'வணக்கம்' என்று தட்டினேன். திரையில் 'வ-வ-வ-வணக்கம்' என்று விழுந்தது. இன்னொரு தரம் தட்டினேன். அதேதான். ஆசான் எது பேசினாலும் முதல் எழுத்து உடைந்து வரும்படி ஜீவா நிரலை மாற்றியிருந்தான். நான் வாள்பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் திரை முழுக்கச் சிரித்தார்கள். 'நி-நி-நி-நிறுத்து ஜீவா' என்றேன். சிரிப்பு கூடியது.

போன் செய்தான். "வெளாட்டுக்குதாம்லே. எல்லாரும் எப்படிச் சிரிக்காங்க பாத்தியா? இவ்ளோ கூட்டம் இதுக்கு முன்ன வந்ததே இல்ல."

அந்தத் திக்கலை 'எடுத்துவிடு' என்று சொல்ல வேண்டும். 'எ' மட்டும் வந்தது. அவன் பொறுமையாகக் காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் பலபேர் சிரிப்பது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

அதற்குப் பிறகு நான் உள்ளே போகவில்லை. ஆசானை ஒரு பேயாக்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வெட்ட வெட்டத் திக்கிக்கொண்டே சாகுமாம். புதியவர்கள் வெட்டிப் பழகுவது அதைத்தானாம்.

ஜீவா இன்றும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறான், குரல் செய்தியாக. பதிலும் குரலில் வேண்டுமாம்.

அந்த இணைய முகவரியில் இப்போது ஒன்றுமில்லை. பேயும் போயிற்று, மடமும் போயிற்று. நான் நினைத்த வேகத்தில் பேசி, என் உதட்டைப் பார்க்காமல் மனிதர்கள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே இடம் அதுதான்.