யாகப்பரின் தராசில் ஐம்பது கிலோ

யாகப்பர் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதை மறைத்துவைத்துக்கொண்டு அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வராது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதர் எட்டு வருடம் எங்களை ஏமாற்றினார். அவரைப் போல உதவுகிற மனிதர் வங்காலைக் கரையில் வேறு ஒருவரும் இல்லை என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

நாட்டில் யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது எல்லோரையும் போல அவரும் வெறுங்கையோடுதான் வந்தார். முன்பு இரண்டு வள்ளம் வைத்திருந்தவருக்கு ஒரு பலகைகூட மிஞ்சவில்லை. இனிக் கடலுக்குப் போவதில்லை என்று சொல்லி, கரையில் தகரம் போட்டு ஒரு வாடி கட்டி, எங்களிடம் மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்பத் தொடங்கினார். பழைய லொறி ஒன்றும் எடுத்தார். அந்த லொறி மீனை ஏற்றியதைவிடப் பிள்ளைத்தாய்ச்சிகளை மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றியதுதான் அதிகம். என் இளைய மகள் அந்த லொறிக்குள், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் பிறக்கப் பார்த்தாள். யாகப்பர் ஓட்டிய ஓட்டத்தில்தான் ஆஸ்பத்திரியில் பிறந்தாள்.

வாடியில் ஒரு தட்டுத் தராசு இருந்தது. ஆள் ஏறி நிற்கக்கூடிய இரும்புத் தட்டு, மேலே இலக்கம் போட்ட கோல், கோலின் நுனியில் தொங்குகிற இரும்புக் குண்டு. அந்தக் குண்டில்தான் அவருடைய வேலை இருந்தது. ஊருக்குத் திரும்பிய அடுத்த வருடமே அதே அச்சில் இன்னொரு குண்டு எடுத்து, அதன் அடியில் வலைக்குக் கட்டுகிற ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டார். குண்டு பாரம் கூடினால் தட்டில் கிடக்கிற மீன் பாரம் குறைந்ததாகத்தான் கோல் காட்டும். ஐம்பது கிலோவுக்கு ஒன்றேகால் கிலோ போய்விடும். தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகத்தர் வருகிற அன்று நல்ல குண்டு தொங்கும். அவர் போனதும் மற்றது தொங்கும். போகிற வழியில் ஐஸ் உருகி மீன் நிறை குறையுமாம், அந்தக் கழிவைத்தான் முன்கூட்டி எடுத்தாராம். பிறகு அவரே சொன்ன சமாதானம் அது. மாதம் தவறாமல் பங்குச் சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற மனிதர், இந்தக் குண்டைப் பற்றி அவரிடம் வாய் திறந்தாரா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இதெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. நானும் எமிலியானுசும் ஒரே வள்ளத்தில் பங்கு. விடிய வந்து மீனைக் கொட்டுவோம், அவர் சொல்கிற இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு போவோம். தராசு என்ன பொய்யா சொல்லப்போகிறது என்ற நினைப்புத்தான்.

எமிலியானுசின் மகள் டிலோஜினி பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் பழகத் தொடங்கியது அவளுடைய பதினாறாவது வயதில். உயிலங்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற சுபத்திரா ரீச்சர்தான் பழக்கினார். உதைபந்தாட்டத்தைத் தவிர வேறு விளையாட்டை மதிக்காத கரை இது. யாகப்பர் அந்தக் காலத்தில் கோயில் அணிக்குப் பின்வரிசையில் நின்று விளையாடியவர். அவருக்கு மல்யுத்தம் என்றாலே இளக்காரம்.

ஒருநாள் வாடியில் வைத்து ரீச்சரிடமே கேட்டுவிட்டார். “ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. பந்தெண்டா பதினொரு பேர். ஒருத்தன் பிழை விட்டா பின்னுக்கு ஒருத்தன் நிக்கிறான். உங்கட விளையாட்டில பின்னுக்கு ஆர் நிக்கிறது? பிடிக்கிறதும் ஒருத்தி, விழுறதும் ஒருத்தி. இதில ஊருக்கு என்ன வேலை?”

“ஒருத்திதான் மெத்தையில நிப்பா ஐயா. ஆனா ஒவ்வொரு நிறைப் பிரிவிலயும் எடுக்கிற புள்ளியைக் கூட்டித்தான் கேடயம் குடுப்பினம். போன வருஷம் எங்களிட்ட ஐம்பது கிலோவுக்கு ஆளில்லை. மூண்டு புள்ளியால கேடயம் கைவிட்டுப் போச்சு,” என்றார் ரீச்சர்.

“கூட்டிப் பாக்கிறது கிளாக்கரின்ர வேலை. அதுக்காக அது பந்தாட்ட ரீம் மாதிரி ஆகுமோ?” யாகப்பர் சிரித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை.

அந்த ஐம்பது கிலோவுக்குத்தான் இந்த வருடம் டிலோஜினி. மாகாணப் போட்டிக்கு முன்னால் நிறை பார்ப்பார்கள். ஐம்பதுக்கு மேலே கொஞ்சம் போனாலும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துத் தராசு பழுது. ஆகவே அவள் விடிய எழும்பிக் கரையில் ஓடி, தண்ணீர்கூடக் குடிக்காமல் யாகப்பரின் வாடிக்கு வருவாள். அவர் தட்டைச் சாக்கால் துடைத்துவிடுவார். “திருக்கை இறங்கியாச்சு, இனி டிலோஜினி ஏறட்டும்” என்று யாராவது பகிடி விடுவார்கள். அவளும் வெட்கப்படாமல் ஏறி நிற்பாள்.

நாற்பத்தொன்பது அறுநூறு. ஒவ்வொரு நாளும் அதுதான், ஒரு நூறு முன்னே பின்னே. அவளுடைய தாய் அதை நம்பிப் பால்கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ரீச்சர் அதை நம்பிப் படிவத்தில் ஐம்பது கிலோ என்று எழுதினார்.

அவளுடைய சரியான நிறை ஐம்பத்தொன்றுக்குக் கிட்ட என்பது உலகத்திலேயே ஒரு மனிதருக்குத்தான் தெரியும். முதலில் அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எங்கேயாவது ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்க்காமலா விடுவார்கள் என்று இருந்துவிட்டார். போட்டிக்குப் பத்து நாள் இருக்க ரீச்சர் வந்து, “ஐயா, உங்கட தராசுதான் எங்களுக்குத் துணை” என்று கைகூப்பிவிட்டுப் போனார். அன்றிரவு சோறு இறங்கவில்லை என்று யாகப்பர் பிறகு சொன்னார். நான் அதை நம்புகிறேன். முழுவதையும் நம்பாவிட்டாலும் பாதியையாவது நம்புகிறேன்.

உண்மையைச் சொன்னால் கரையில் தலைகாட்ட முடியாது. சொல்லாவிட்டால் பிள்ளை போட்டி வாசலிலிருந்து அழுதுகொண்டு திரும்பும். மனிதர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஊரே பந்தாட்டம் பார்க்கப் போயிருந்தபோது, வாடிக்குள் போய்க் குண்டை மாற்றிவிட்டார். கள்ளக் குண்டு பெட்டிக்குள் போனது. நல்ல குண்டு தொங்கியது. ஒருவருக்கும் தெரியாமல் நல்லவராகிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை விடிய டிலோஜினி ஏறினாள். ஐம்பது தொளாயிரம்.

இறங்கி மறுபடி ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். தலைமுடியை அவிழ்த்து உதறிவிட்டு ஏறினாள். கோல் அசையவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடியதை நான் பார்த்தேன். அன்று எமிலியானுஸ் மனைவியின் பால்கஞ்சிச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். வீட்டில் ஒரே ரகளை. பிள்ளை அன்றும் மறுநாளும் ஒன்றும் தின்னவில்லை. செவ்வாய் பின்னேரம் பயிற்சியில் தலைசுற்றி நிலத்தில் இருந்துவிட்டாள்.

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேளுங்கள். அந்த இரண்டு நாளும் எங்கள் மீனும் பாரம் கூடியிருந்தது. “இந்த முறை பாரை மீன் நல்ல கொழுப்பு, எங்கட கோயில் புனித ஆனாள் தாயின் அருள்” என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். மடையன். மீனும் பிள்ளையும் ஒரே நாளில் எப்படிக் கொழுக்கும் என்று ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை விடிய ரீச்சரும் கூட வந்திருந்தார். டிலோஜினி ஏறினாள். ஐம்பது நானூறு. இரண்டு நாள் பட்டினி கிடந்தும் அவ்வளவுதான்.

“ரீச்சர், என்ர பேரை வெட்டிவிடுங்கோ,” என்றாள். “என்ர உடம்பை எனக்கே நம்ப ஏலாமக் கிடக்கு. சும்மா இருக்கவே கூடுது, பட்டினி கிடந்தும் ஐம்பதுக்குக் கீழ இறங்குதில்லை. அங்க போய் ஊரை வெக்கப்படுத்த என்னால ஏலாது.”

ரீச்சர் பேனாவை எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

யாகப்பர் பெட்டியைத் திறந்தார். மற்றக் குண்டை எடுத்து வந்து மீன் மேசைமேல் வைத்தார்.

“நீ கூடேல்லை பிள்ளை. முந்திக் குறைச்சுக் காட்டினது நான். இந்தக் குண்டுக்குள்ள ஈயம் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமைதான் மாத்தினனான். இப்ப காட்டுறதுதான் உன்ர சரியான நிறை.”

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. முதலில் விளங்கியது எமிலியானுசுக்குத்தான். குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான், மற்றதையும் கழற்றி மறுகையில் வைத்துப் பார்த்தான்.

“எவ்வளவு காலம் யாகப்பர் அண்ணை?”

“திரும்பி வந்த அடுத்த வருஷம் துவக்கம்.”

“எட்டு வருஷம்.”

“ஓம்.”

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. என் கைக்கு அகப்பட்டது துடுப்பு. ரீச்சர் இடையில் வந்து நின்றிருக்காவிட்டால் இந்தக் கதை பொலிசில் முடிந்திருக்கும். “எங்கட வேர்வையையோ காய்ச்சி ஊத்தினீங்கள்?” என்று கத்தினேன். நான் கத்தி ஓய்ந்த பிறகு அவர் ரீச்சரைப் பார்த்துத்தான் பேசினார்.

“பின்னுக்கு நிக்க ஒருத்தருமில்லாத விளையாட்டெண்டு நான்தான் சொன்னனான் ரீச்சர். பின்னுக்கு நிண்டு பிள்ளையை விழுத்தினதும் நான்தான்.”

அப்போதுதான் டிலோஜினி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “அப்ப என்ர உடம்பில பிழையில்லையோ?”

“ஒரு பிழையுமில்லை,” என்றார் ரீச்சர். “இன்னும் ஒரு கிழமை கிடக்கு. நானூறு கிராம்தான். சாப்பிட்டுச் சாப்பிட்டே குறைக்கலாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து ஒரு வள்ளமும் யாகப்பரின் வாடிக்குப் போகவில்லை. மீனைத் தூக்கிக்கொண்டு அரைக் கட்டை தூரம், ஒரு அரை மைல், நடந்து வேறு ஆளிடம் கொடுத்தோம். கள்ளக் குண்டைச் சுவாமி வாங்கி வைத்துக்கொண்டார். நாங்கள் நல்ல குண்டையும் விடவில்லை. சீமெந்துப் பை, மா மூடை, ஐந்து லீற்றர் தண்ணீர்ப் போத்தல் என்று அகப்பட்டதையெல்லாம் ஏற்றிப் பார்த்தோம். கோல் சரியாகத்தான் காட்டியது. அதனால் டிலோஜினி மட்டும் ஒவ்வொரு நாளும் விடிய அங்கே போய் ஏறி நின்றாள். யாகப்பர் தட்டைத் துடைப்பார், இலக்கத்தைச் சொல்லுவார். அவள் போன பிறகு வெறும் தராசுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை.

போட்டி வவுனியாவில். விடியப்புறம் புறப்பட முன் அவள் கடைசியாக நிறுத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்பது எழுநூறு. ஊரிலிருந்து ஒரு பஸ் நிறையப் போனோம். யாகப்பரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் லொறியில் பின்னால் வந்து, மண்டப மதிலோடு தனியாக நின்றார்.

பெண்பிள்ளைகளை உள்ளே ஒரு அறையில் வைத்து நிறுத்தார்கள். நாங்கள் வெளியே நின்றோம். கதவு திறந்து ரீச்சர் வந்தார். வாசலில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார். “நாற்பத்தொன்பது எழுநூறு!”

பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கத்தினோம். இன்னும் ஒரு பிடிகூடப் பிடிக்கவில்லை, வென்றுவிட்டதைப் போலக் கத்தினோம். பக்கத்து ஊர்க்காரர் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்கள். யாகப்பர் கத்தவில்லை. மதிலில் முதுகைச் சாய்த்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

முதல் போட்டியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை டிலோஜினியைப் புரட்டிப் போட்டாள். தோற்றவர்களுக்கும் வெண்கலத்துக்கு ஒரு போட்டி உண்டு. அதில் எங்கள் பிள்ளை விடவில்லை. மற்றவளின் காலைப் பிடித்தவள் மணி அடிக்கும்வரை பிடித்தபடியே கிடந்து வெண்கலத்தை எடுத்தாள். கேடயம் இந்த முறையும் வரவில்லை, இரண்டாமிடம்தான். அவளுடைய புள்ளி இல்லாவிட்டால் நாலாமிடம் என்று ரீச்சர் கணக்குச் சொன்னார். மெத்தையில் நின்றவள் அவள் ஒருத்தி என்பதையும் நான் என் கண்ணால் பார்த்தேன். ஆகவே இது தனி விளையாட்டா குழு விளையாட்டா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் விடிய வள்ளம் கரை தட்டியது. நல்ல மீன்பாடு. நான் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த அரைக் கட்டை தூரத்துக்கு நடக்கத் தொடங்கினேன். எமிலியானுஸ் என் கூட வரவில்லை. தன் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே யாகப்பரின் வாடிக்குள் போனான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டிக்கொண்டே பின்னால் போனேன்.

எமிலியானுஸ் தட்டில் மீனைக் கொட்டினான். யாகப்பர் எழும்பி நின்றவர், கோலைத் தொடவே பயந்தார்.

“வந்து பார் எமிலியானுஸ். நீயே பார்த்து இலக்கத்தைச் சொல்லு,” என்றார்.

“நீங்கள் சொல்லுங்கோ யாகப்பர் அண்ணை,” என்று சொல்லிவிட்டு, எமிலியானுஸ் தராசுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். பீடி பற்ற வைத்தான். யாகப்பர் கோலைப் பார்த்து இலக்கத்தைச் சொன்னார்.

நான் பார்த்தேன். அவர் சொன்ன இலக்கம் சரியாகத்தான் இருந்தது.