வழுக்காது என்று நான் சொன்ன ஏணி

1. போன்

"ஏணி வழுக்கிருச்சுங்க சார். செல்விக்குக் கால் ஒடஞ்சு போச்சுங்க" என்றார் எஸ்டேட் ரைட்டர். மிளகு பறிக்கும் அந்த அலுமினிய ஏணியை டிசைன் செய்தவன் நான். கம்பெனிகளில் எது எங்கே உடையும் என்று கணக்குப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் செய்தே ஓய்வு பெற்று ஏற்காட்டுக்கு வந்தவன்.

2. ஒட்டிவைத்த கான்டாக்ட்

ஏணியின் தலையில் ரப்பர் பதித்த வளைவு ஒன்று உண்டு. அதுதான் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாயும். ரப்பரும் மரப்பட்டையும் தொடும் இடத்துக்கு ஈர மரத்தின் உராய்வை, அதாவது ஃபிரிக்‌ஷனைக் கொடுத்து சாஃப்ட்வேரை ஓட்டினேன். நாலைந்து முறை ஓட்டியும் விடை வராமல் பாதியிலேயே நின்றது. எனக்குப் பொறுமை கிடையாது. அந்தத் தொடும் இடத்தை, எங்கள் பாஷையில் கான்டாக்டை, 'பாண்டட்' என்று மாற்றினேன். பசை போட்டு ஒட்டியது மாதிரி, இரண்டும் விலகவே விலகாது. பத்து நிமிடத்தில் ரிசல்ட் வந்துவிட்டது. ஏணி உடையாது என்று ரிப்போர்ட் எழுதினேன். ஃபிரிக்‌ஷனை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன், விட்டதுதான்.

ஏணி நழுவுகிறது என்பதால்தான் சாஃப்ட்வேர் நின்றிருக்கிறது. அந்தத் தொழிலில் தலை நரைத்த எனக்கு அது உறைக்கவில்லை.

3. கயிறு

ஏணியைக் கொடுத்த அன்று செல்விதான் கேட்டார். மாரமங்கலத்துக்காரர், பறிப்பில் கெட்டிக்காரர்.

"ஏனுங்க சார், பனி எறங்குன மரத்துல இது வழுக்காதுங்களா? மூங்கில் ஏணின்னா நாங்க மரத்தோட சேத்துக் கயித்தக் கட்டிட்டுத்தான் ஏறுவமுங்க."

"கட்ட வேண்டாம்மா. கம்ப்யூட்டர்ல எல்லாம் பாத்தாச்சு" என்றேன். என் வாய்க்கொழுப்பு. அவர் நம்பிக் கயிற்றை வைத்துவிட்டார்.

4. செல்வி வீட்டில்

கால் கட்டோடு கட்டிலில் இருந்தார். "நாந்தானுங்க சூதானமா ஏறியிருக்கோணும்" என்றார். பாண்டட், ஃபிரிக்‌ஷன் என்று ஏதேதோ சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

"அப்ப என்ற மேல தப்பு இல்லீங்களா? ஊட்டுல எல்லாரும் என்னையத்தான் நொம்ப வையறாங்க." பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். "ஏனுங்க, இங்க வாங்க. சார் சொல்றத நீங்களும் கேளுங்க."

அவர் வந்து நின்றார். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை தொழில் வார்த்தை எதையும் எடுக்கவில்லை.

"வழுக்குமான்னு நான் பாக்கவே இல்லைங்க. பாத்ததாச் சொல்லிட்டேன்."

அந்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியிருக்க வேண்டியது, வழுக்குமா என்று பார்க்கவில்லை என்ற அந்த ஒரு வரிதான்.