பேரிக்காய் சைடரும் செங்கல் நிறமும்

சர்க்கரை வியாதிக்காரனான நான் ஒரு மழைக்காலம் முழுக்கத் தினமும் சாயங்காலம் இரண்டு டம்ளர் சைடர் குடித்துவிட்டு, சர்க்கரை இறங்கவில்லையே என்று கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

சைடர் என்பது பழச்சாற்றைப் புளிக்கவைத்த மது. ஆப்பிளில் செய்வார்கள். ஏற்காட்டில் கொட்டிக் கிடப்பது பேரிக்காய் என்பதால், பக்கத்து பங்களாவில் இருந்த ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர் அதில் செய்தார். மதுவிலக்கு அமலில் இருந்து, குடிக்க பெர்மிட் கேட்ட காலம். ஆகவே வெளியில் அதற்குக் கஷாயம் என்று பெயர்.

"ஈஸ்ட் இருக்குதுங்களே சார், சர்க்கரைய பூராத் தின்னுபோடும்" என்றார். கலைக்களஞ்சியத்தைப் புரட்டினேன். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. அச்சில் வந்த பிறகு எனக்கு வேறு சாட்சி தேவைப்பட்டதில்லை.

அன்றெல்லாம் சர்க்கரைச் சோதனை வீட்டிலேயே. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே நின்றால் பிழைத்தோம். செங்கல் நிறம் வந்தால் தொலைந்தோம். எனக்குத் தினமும் செங்கல். அடுத்த தடவையும் இப்படியே வந்தால் ஆயுசு முழுக்க இன்சுலின் ஊசிதான் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆசாமி நான்.

பயம் கோபமாயிற்று. குழம்பில் உருளைக்கிழங்கை மசித்து ஒளிக்கிறாய் என்று மனைவியிடம் பாய்ந்தேன். ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் இருந்த மளிகைக்கடைக்காரரிடம், கேழ்வரகு மாவில் மைதா கலக்கிறீர்கள் என்று கூட்டம் கூடும்படி கத்தினேன்.

"ஏனுங்க, இதே மாவுதானுங்க எங்க ஊட்லயும்" என்றார். அதற்கும் கத்தினேன்.

கடைசியில் மனைவிக்குப் பொறுமை போயிற்று. "நான் ஆக்கிப்போடறது அத்தனையும் குத்தம்னீங்களே, இதயும் காச்சிப் பாருங்க" என்று என் டம்ளரிலிருந்தே சைடரைக் குழாயில் விட்டாள். பொங்கியது. பச்சையாயிற்று, மஞ்சளாயிற்று, அப்புறம் அசல் செங்கல்.

செருப்புகூடப் போடாமல் பக்கத்து பங்களாவுக்கு ஓடினேன்.

"ஈஸ்ட் தின்னதும் சுத்தமா சர்க்கரை இல்லீங்க, சத்தியமுங்க" என்றார் மேனேஜர். "ஆனா நொம்பப் புளிப்புங்க. குடிக்கறவங்க மூஞ்சியச் சுளிக்கறாங்க. அதனால ஊத்திக் குடுக்கறப்ப ஒரு கரண்டி மலைத்தேன் கலக்குவனுங்க."

"அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நாம ஈஸ்டப் பத்தித்தானுங்களே பேசினோம்?"

மனிதர் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல். பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பேன்.

சைடரை விட்டேன். செங்கல் வெளுத்துப் பச்சைக்கு வந்தது, ஊசி தப்பியது. ஆத்திரம் மட்டும் இறங்காமல், அந்த மேனேஜர் செய்த துரோகத்தை டாக்டரிடம் மூச்சுவிடாமல் கொட்டினேன். அவர் சீட்டு எழுதியபடியே கேட்டார்:

"குடிக்கறப்ப இனிச்சுதுங்களா?"

"இனித்தது. பழத்தின் குணம் என்று நினைத்தேன்."

"இனிச்சா அதுல சர்க்கரை இருக்குதுன்னு அர்த்தமுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.