முதலில் பேசுவது வீட்டுக்காரர்

அந்தப் பெரிய சூப்புப் பானையை நான் முதலில் பார்த்தது பஸ்ஸில். பிள்ளை வண்டி வைக்கும் இடத்தில் அதை இறக்கி, மூடியைக் கையால் அமுக்கியபடி நின்றார் எங்கள் சூப்பர்வைசர் அம்மா. கொலம்பியா நாட்டவர். லண்டன் அலுவலகம் ஒன்றில் இருவரும் துப்புரவு வேலை செய்தோம். அந்த ஞாயிறு என்னையும் பானைக்குக் காவலாகக் கூட்டிக்கொண்டு போனார்.

அப்போது நான் குடியை விட்டு நாற்பது நாள். அதற்கு முன்பே மனைவி வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு என்னை வெளியே அனுப்பிவிட்டாள். நண்பனின் அறையில் கிடந்தேன். நாங்கள் இருந்த மனோர் பார்க்கின் தமிழ்ச் சனத்துக்கு, எனக்கு வெளியூரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். கோயிலில் கண்டவர்கள் "எப்ப வந்தனீர்?" என்று கேட்டால், நானும் வெட்கமில்லாமல் "நேற்றுத்தான்" என்பேன். குடியை விட்டவர்களுக்கான ஆங்கிலக் கூட்டம் ஒன்றுக்கு இரண்டு தடவை போனேன். வட்டமாக இருந்து அவரவர் கதையைச் சொல்ல வேண்டும். என் ஆங்கிலமோ வாளியோடும் மொப்போடும் முடிந்துவிடும். "அங்கே உனக்கு ஆறுதல் இல்லை, பரீட்சைதான்," என்றார் சூப்பர்வைசர் அம்மா. அவரும் ஒரு காலத்தில் குடித்தவர். அதை, நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்.

பானையோடு நாங்கள் போய் இறங்கியது தென் லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில். அங்கேயும் குடியை விட்டவர்களின் கூட்டம்தான். லத்தீன் அமெரிக்கச் சனம், பிள்ளைகுட்டிகளோடு. சோளமும் கோழியும் போட்ட சூப், பாட்டு, ஒரே கூச்சல். ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாத எனக்கே கலியாண வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. அங்கே ஒரு வழக்கம்: குடித்தவர் முதலில் வாய் திறக்கக் கூடாது. அவரால் பாடுபட்ட வீட்டுக்காரர்தான், மனைவியோ பிள்ளையோ, முதலில் பேசுவார். நான் கூப்பிட்டால் மனைவி வரமாட்டாள் என்றேன். சூப்பர்வைசர் அம்மாவே போய்க் கூப்பிட்டார். என்ன சொன்னாரோ, அடுத்த ஞாயிறு வந்துவிட்டாள்.

"உன் மொழியிலேயே பேசு," என்றார்கள். யாருக்கும் விளங்காது என்ற துணிவில் பன்னிரண்டு வருஷத்தையும் கொட்டித் தீர்த்தாள். "மகளின்ர பிறந்தநாளுக்குக் கேக் வாங்கப் போன மனுசன், மூண்டு நாள் கழிச்சு வந்தவர். கேக்கும் இல்லை!" முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார்கள், ஒருத்தி என்னை முறைக்கவே தொடங்கிவிட்டாள். அரை மணி நேரம் கழித்து என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். எழுந்து, "நான் கூடாதவனாம்," என்றேன், ஆங்கிலத்தில். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம்! நான் அழுதேன்.

பஸ் தரிப்பில் சொன்னாள்: "வாங்கோ, வீட்டை போவம். ஆனா இண்டைக்கு மட்டும்தான், சொல்லிப்போட்டன்."

சூப்பர்வைசர் அம்மா இப்போது மகளோடு ஸ்பெயினில் இருக்கிறார். மனோர் பார்க்கில் நாங்களும் ஞாயிறுதோறும் கூடுகிறோம். சூப்புக்குப் பதில் புட்டும் குழம்பும். முதலில் பேசுவது மட்டும் வீட்டுக்காரர்தான். இப்படி "வெளியூரில் வேலை" செய்த ஆம்பிளைகள் எங்கள் சனத்தில் எத்தனை பேர் என்று கூடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

ஐந்து வருஷமாகிறது. வேலைக்குப் புறப்படும்போது நான் இன்றும் வாசலில் நின்று கேட்பேன்: "பின்னேரம் வீட்டை வரலாமோ?"

"ஓம், இண்டைக்கு மட்டும்," என்பாள், அடுப்படியிலிருந்து திரும்பாமலே.